க்ரோப்போவில் பிறந்த கைகள்

அந்த விளம்பரத் தாளைப் படித்ததும் வந்த கோபம் இன்றுவரை எனக்கு முழுதாக இறங்கவில்லை. ஜூன் முதல் வாரம். ஊராட்சி அலுவலகத்தில் அடையாள அட்டை கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இருபத்தெட்டு வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். விழாக் குழுத் தலைவர் பவுஸ்தோ கக்கத்தில் ஒரு காகிதச் சுருளோடு வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் ஜன்னல் கண்ணாடியிலேயே ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார். எழுத்து வெளிப்பக்கம் பார்த்து இருந்ததால் எழுந்து சுற்றி வந்துதான் படிக்க வேண்டியிருந்தது.

"புனித யோவான் திருவிழா. மூன்று மாலைகள். கீரைத் தொர்தெல்லி. க்ரோப்போவில் பிறந்த பன்னிரண்டு பெண்களின் கைகளால்."

'பிறந்த' என்பது மட்டும் சிவப்பில், மற்ற எழுத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. யாரை வெளியே நிறுத்த அந்தச் சிவப்பு என்று ஊரில் எவரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஓர்னெல்லாவை நிறுத்தத்தான்.

ஓர்னெல்லாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள். இருபத்தாறு வருஷமாக இந்த மலையில் எந்தப் பிள்ளையும் அவள் பேருந்தில் ஏறாமல் எழுத்துக் கற்றதில்லை. ஜனவரியில் சாலை கண்ணாடியாக உறைந்து கிடக்கும். தேவாலயத்துக்குக் கீழே இருக்கும் அந்த மூன்றாவது வளைவில் பெரிய லாரிக்காரர்களே வண்டியை நிறுத்திவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். அவள் முதல் கியரில், வாயில் ஒரு பாட்டோடு, முப்பது பிள்ளைகளை இறக்கிக் கொண்டுபோவாள். பெற்ற பிள்ளைகளை அவளை நம்பி அந்தச் சரிவில் அனுப்புவார்கள். ஒரு கரண்டி கீரையை அவளை நம்பிக் கொடுக்க மாட்டார்கள். இதை நான் பத்துத் தடவை விழாக் குழுவில் சொல்லியிருக்கிறேன். பத்துத் தடவையும் யாராவது ஒருவர் ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தார்.

அவள் செய்த குற்றம், மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் பிறந்தது. முகட்டுக்கு இந்தப் பக்கம் பார்மா மாவட்டம், அந்தப் பக்கம் பியாசென்சா மாவட்டம். நடந்தால் இரண்டு மணி நேரம். தொர்தெல்லிக்கு உள்ளே வைக்கும் கீரையும் ரிக்கோட்டாப் பாலாடையும் இரண்டு பக்கமும் ஒன்றுதான், மாவும் முட்டையும் ஒன்றுதான். நாங்கள் அதை மாவுக்குள் வைத்து மடித்து, ஓரத்தை அழுத்தி, சக்கரக் கத்தியால் சீட்டுக்கட்டு அளவுக்கு வெட்டுவோம். அவர்கள் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துச் சடை பின்னி, இரண்டு முனையையும் முறுக்கி வால் விடுவார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். அதற்குத்தான் இவ்வளவு.

முப்பது வருஷத்துக்கு முன்னால் பால் வண்டி ஓட்டும் ரேமோவைக் கட்டிக்கொண்டு வந்த முதல் கோடையில், விழாவுக்கு நாமும் ஏதாவது செய்வோம் என்று ஓர்னெல்லா ஒரு தட்டு நிறையத் தன் கைத் தொர்தெல்லியைத் தூக்கிக்கொண்டு பழைய நடனக் கூடத்துக்கு வந்தாள். விழா வாரத்தில் தொர்தெல்லி மடிக்க அங்கேதான் நீளப் பலகை போடுவோம். பலகைக்குத் தலைவி தீர்ச்சே. இப்போது அவளுக்கு எழுபத்தாறு வயது. மரியாதையோடு 'அவர்' என்றுதான் எழுத வேண்டும், கை வரமாட்டேன் என்கிறது. தீர்ச்சே அந்தத் தட்டிலிருந்து ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஆட்டினாள்.

"இது என்னடி, எலிக்குட்டியா? பூனைக்குப் போடவா, நாங்க சாப்பிடவா?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை மறைக்க மாட்டேன். அன்றிலிருந்து அவள் பெயர் வால்காரி. பேருந்தில் ஏறும் பிள்ளைகள்கூட முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்வார்கள், வீட்டில் கேட்டதைத்தானே பிள்ளை சொல்லும்.

பலகையில் பன்னிரண்டு நாற்காலி. மாமியாருக்குப் பின் மருமகள், அம்மாவுக்குப் பின் மகள், இதுதான் எங்கள் வழக்கம். ஓர்னெல்லாவின் மாமியார் எல்வீராவுக்கு ஒரு நாற்காலி இருந்தது. அவர் இறந்தபோது அது யாருக்கு வரவேண்டும்? சின்னப் பிள்ளை சொல்லும். தீர்ச்சே அதை எல்வீராவின் தங்கை மகளுக்குக் கொடுத்தாள். அந்தப் பெண் பார்மா நகரத்தில் குடியிருக்கிறாள், நகத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டு வருகிறாள், மாவு ஒட்டும் என்று கையுறை கேட்டாள். ஆனாலும் அவள் வால்காரி இல்லையே. ஓர்னெல்லாவுக்குக் கிடைத்தது பின்கட்டுத் தொட்டி, என் பக்கத்தில். இருபத்திரண்டு வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் அண்டா தேய்க்கிறோம். அவளை எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் தொட்டியில் தெரிந்ததுதான்.

நான் தேய்ப்பது எனக்குப் பலகை பிடிக்காததால். எனக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்து பொறுமையாக மடிக்க வராது. அவள் அப்படி இல்லை. அண்டாவைத் தேய்த்துக்கொண்டே கதவு வழியாகப் பலகையைப் பார்ப்பாள். யார் நிறைய வைக்கிறார்கள், யார் ஓரத்தைச் சரியாக அழுத்தவில்லை, எல்லாம் சொல்லுவாள். வீட்டில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் தட்டைத் தொர்தெல்லியைச் செய்து பழகினாள். வாலை மறந்தாள். பிறந்த வீட்டுக்குப் போனால்கூட, கை கெட்டுவிடும் என்று, அம்மாவோடு உட்கார்ந்து சடை பின்ன மாட்டாள். ஒரு தடவை ரேமோ அலுவலகத்துக்கே வந்து என்னிடம் கெஞ்சினான்.

"லுவானா, உனக்குப் புண்ணியமாப் போகும், அவளுக்கு அந்த நாற்காலிய வாங்கிக் குடு. ஒரு ஞாயித்துக்கிழமையாவது நான் வறுத்த கோழி திங்கணும்."

அவள் செய்ததை நானும் சாப்பிட்டிருக்கிறேன். வெண்ணெயில் முக்கி, பார்மிஜானோ சீஸைக் கண்ணை மூடிக்கொண்டு தூவி. தீர்ச்சேயின் கையையும் அவள் கையையும் கலந்து வைத்தால் தீர்ச்சேயாலேயே பிரிக்க முடியாது.

போன பிப்ரவரியில் பலகைக்காரி ஜெம்மாவுக்கு மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. மடித்து மடித்தே நரம்பு போய்விட்டது. மகளும் இல்லை, மருமகளும் இல்லை. ஒரு நாற்காலி காலி. பவுஸ்தோ மதுக்கடையில், பத்துப் பேர் எதிரில், ஓர்னெல்லாவின் தோளைத் தட்டினார்.

"இந்த வருஷம் நீதான். தயாரா இரு."

நான் பார்த்தேன், கேட்டேன், சாட்சி. ஓர்னெல்லா கையிலிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனாள். பேருந்தில் ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் ஜன்னலைத் திறந்து, "எதுக்குடி பாத்துட்டு நிக்கிற, போ," என்று என்னை விரட்டினாள்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அவள் கால் தரையில் படவில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு நாட்காட்டி தொங்கவிட்டு, ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு எண்ணுகிறாள் என்று நினைத்து, கூடவே சேர்ந்து எண்ணின. புதுச் சக்கரக் கத்தி வாங்கினாள். பித்தளைப் பிடி. வெள்ளை ஏப்ரனில் தன் பெயரை நீல நூலால் தைத்தாள், பலகைக்காரிகள் எல்லாருக்கும் அப்படி உண்டு. மே மாதத்தில் அந்த ஏப்ரனை எனக்குக் காட்ட அலுவலகத்துக்கு ஒரு பையில் போட்டு எடுத்து வந்தாள். "எழுத்து கோணலா இருக்கா? நேரா சொல்லு." கோணலாகத்தான் இருந்தது. நேராக இருக்கிறது என்று சொன்னேன்.

அப்புறம்தான் அந்தத் தாள் வந்தது. நான் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, பூட்டக் கூடாத நேரம்தான், பவுஸ்தோவைத் துரத்திக்கொண்டு ஓடினேன். ரொட்டிக் கடைக் கதவில் அடுத்த தாளை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"பவுஸ்தோ, இது என்ன கூத்து?"

"எது?"

"சிவப்புல போட்டிருக்கீங்களே, அது."

"டிவிக்காரங்க வர்றாங்க லுவானா. அவங்களுக்கு ஏதாவது விசேஷமாச் சொல்லணும்ல? தொர்தெல்லி எல்லா ஊர்லயும்தான் போடுறாங்க. நம்மளுது அசல்னு எப்படிக் காட்டுறது?"

"அப்போ பிப்ரவரில ஓர்னெல்லாகிட்ட சொன்னது?"

"நான் சொன்னேன். தீர்ச்சே அக்கா ஒத்துக்கல. பலகை அவங்க பொறுப்பு. என் பொறுப்பு மேசை, விளக்கு, வண்டி நிறுத்துற எடம். அவ்வளவுதான்."

"அவகிட்ட நேர்ல போய் சொன்னீங்களா?"

"அதான் போஸ்டர்ல இருக்கே."

அதான் போஸ்டரில் இருக்கிறதாம்! ஊரில் எழுபத்திரண்டு இடத்தில் ஒட்டி ஒருத்தியின் முகத்தில் அறைய நேரமிருக்கிறது, அவளிடம் நேரில் போக இவருக்கு நேரமில்லை. நான் வாய் திறப்பதற்குள் பேருந்து சதுக்கத்துக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் இறங்கினார்கள். ஓர்னெல்லா இன்ஜினை அணைக்காமல், படியில் நின்றபடியே ரொட்டிக் கடைக் கதவைப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள் என்று நினைக்கிறேன். பவுஸ்தோ பசை வாளியைத் தூக்கிக்கொண்டு நழுவிவிட்டார்.

"சரி," என்றாள் ஓர்னெல்லா. "அப்போ தேய்க்கிற நாருக்குச் சொல்லி வச்சிடு லுவானா. போன வருஷத்து நாரு நாறுது."

"அவ்வளவுதானா? ஏண்டி, உனக்கு ரோஷமே இல்லையா? போய் நாலு கேள்வி கேக்க மாட்டியா?"

"கேட்டா? தீர்ச்சே என்ன, பொறந்த ஊர மாத்திக் குடுப்பாளா? அது உன்னாலயே முடியாது. நீதானே ஆபீஸ்ல இருக்க."

அவள் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துப் போய்விட்டாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அந்த ஒரு வார்த்தை தலையை விட்டுப் போகவில்லை. பிறந்த ஊர். நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதைத் தட்டச்சு செய்கிறேன்! பெயர், தேதி, பிறந்த ஊர். திடீரென்று சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் இன்னும் பயங்கரமாகக் கோபம் வந்தது. பவுஸ்தோவுக்கும் தெரியாமல், தீர்ச்சேக்கும் தெரியாமல், ஏன், இருபத்தெட்டு வருஷமாக அதையே தட்டச்சு செய்த எனக்கும் உறைக்காமல் போய்விட்டதே!

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் பலகை போட்டார்கள். கூடத்தில் வெந்த கீரை வாசம். நானும் ஓர்னெல்லாவும் பின்கட்டுக்குப் போக அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஓர்னெல்லா பெயர் தைத்த ஏப்ரனைக் கட்டவில்லை, பழைய ரப்பர் ஏப்ரனில் இருந்தாள். பலகையில் பதினோரு பேர். ஜெம்மாவின் நாற்காலி தீர்ச்சேக்குப் பக்கத்து நாற்காலி. அதன் மேல் தீர்ச்சே தன் கறுப்புக் கைப்பையை வைத்திருந்தாள்.

"பன்னெண்டு பேர்னு போட்டிருக்கீங்க. பன்னெண்டாவது ஆள் எங்க?" என்று கேட்டேன்.

"டிவிக்காரன் கேட்டா ஜெம்மா பாத்ரூம் போயிருக்கான்னு சொல்லிக்குவோம்," என்றாள் தீர்ச்சே, மாவிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ போய் உன் அண்டாவப் பாரு."

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கையிலிருந்த அண்டாவைத் தரையில் போட்டேன். வேண்டுமென்றே போட்டேன். சத்தம் மலைக்கே கேட்டிருக்கும்.

"எல்லாரும் அடையாள அட்டைய எடுங்க."

"என்னடி இது, போலீஸா நீ?"

"எடுங்க. எல்லார் பர்ஸிலும் இருக்கும். நான் குடுத்ததுதானே. பொறந்த ஊர் என்னன்னு வாய்விட்டுப் படிங்க."

முதலில் நக வண்ணக்காரி, வேடிக்கைக்காகவோ என்னவோ, கையைத் துடைத்துக்கொண்டு தன் அட்டையை எடுத்தாள். "வால்தோர்னா," என்று படித்தாள். படித்துவிட்டு முகம் ஒரு மாதிரி ஆனது. அடுத்தவள் எடுத்தாள். வால்தோர்னா. அதற்கடுத்தவள். வால்தோர்னா. அறுபது வருஷமாக இந்த ஊரில் எந்தப் பெண்ணும் வீட்டில் பிள்ளை பெறவில்லை. வலி எடுத்தால் பார்மாவுக்கு எழுபது கிலோமீட்டர் யார் போவது? முகட்டைத் தாண்டிப் பதினெட்டு கிலோமீட்டரில் ஆஸ்பத்திரி. எல்லாரும் பிறந்தது வால்தோர்னாவில், வால் விடுகிற ஊரில், ஓர்னெல்லா பிறந்த அதே ஆஸ்பத்திரியில், அதே வார்டில். ஒருத்தி மட்டும் வேல்ஸ் நாட்டில் ஏதோ துறைமுகத்தில் பிறந்திருந்தாள், அவள் அப்பா அங்கே ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருந்தார். அந்த ஊர்ப் பெயரை அவளுக்கே சரியாகச் சொல்ல வரவில்லை.

பத்து அட்டை முடிந்தது. தீர்ச்சேயின் அட்டையைக் கேட்க வேண்டியதில்லை, அவள் வீட்டில் பிறந்தவள், தேவாலயத்துக்குப் பின்னால் மூன்றாவது வீட்டில். பலகையில் இந்த ஊரிலேயே பிறந்த ஒரே ஆள் அவள்தான்.

"ஆக, பன்னெண்டு பேர் இல்ல. ஒரே ஒரு ஆள்," என்றேன். "போஸ்டர மாத்தச் சொல்லுங்க பவுஸ்தோவ."

இந்த இடத்தில் தீர்ச்சே சிரித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவள் சிரிக்கிற ஆள் இல்லை. உருட்டுக் கட்டையைப் பலகையில் ஓங்கி வைத்தாள்.

"அப்படியா? அப்போ எல்லாரும் வால்காரிங்கதான். எழுந்து போங்க. நான் ஒருத்தியே பண்றேன். நான் இருக்கற வரைக்கும் இது க்ரோப்போ பலகை."

முப்பது வருஷமாக ஓர்னெல்லாவை அந்தப் பெயரால் கூப்பிட்டபோது யாருக்கும் சுடவில்லை. தங்கள் மேல் விழுந்ததும் சுட்டுவிட்டது. முதலில் வேல்ஸ்காரி ஏப்ரனைக் கழற்றினாள். பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து, முணுமுணுத்துக்கொண்டு, வாசல் மரத்தடிக்குப் போய் சிகரெட் பற்றவைத்தார்கள். ஓர்னெல்லாவுக்காக எழுந்தார்கள் என்று யாரும் ஏமாற வேண்டாம். தங்களுக்காக எழுந்தார்கள்.

கூடத்தில் தீர்ச்சே, பின்கட்டுக் கதவில் ஓர்னெல்லா, நடுவில் நான். பலகை முழுக்க விரித்த மாவு, பட்டுத் துணி கனத்துக்கு. அது காற்றுப்பட்டால் பத்து நிமிஷம் தாங்காது. ஓரம் காய்ந்துவிட்டால் ஒட்டாது, கொதிக்கிற தண்ணீரில் பிளந்துகொள்ளும். தீர்ச்சே வேகவேகமாகக் கீரை உருண்டை வைத்தாள், மடித்தாள், வெட்டினாள். உதடு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. எங்களைத்தான் திட்டியிருப்பாள். ஒரு மாவு முடிந்து, கடைசியில் ஒரு சின்னத் துண்டு மிஞ்சியது. உள்ளங்கை அளவு. அடுத்த மாவைப் பார்த்தபடியே அதை எடுத்துக் கையில் வைத்து, கீரையை வைத்தாள். கண் அங்கே, கை இங்கே. அவள் விரல்கள் ஒரு பக்கத்திலிருந்து கிள்ளி, மறுபக்கத்திலிருந்து கிள்ளி, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போயின. கடைசியில் முனையை முறுக்கிப் பலகையில் வைத்தன.

சடை. வால். சுத்தமான, அழகான, முகட்டுக்கு அந்தப் பக்கத்து வால்.

நான் பார்த்தேன். ஓர்னெல்லா பார்த்தாள். நாங்கள் பார்ப்பதைப் பார்த்துத்தான் தீர்ச்சே குனிந்து பார்த்தாள். அதை நசுக்க உள்ளங்கையை ஓங்கினாள். ஓர்னெல்லா எப்போது கதவிலிருந்து வந்தாளோ தெரியாது, ஈரக் கையால் அதை மூடிக்கொண்டாள்.

"அமுக்காதீங்க அக்கா. நல்லா வந்திருக்கு."

தீர்ச்சே கையை இறக்கவில்லை, தூக்கவும் இல்லை. நான் வாயைத் திறந்தேன். வாசலுக்கு ஓடி, மரத்தடியில் நிற்கிற பத்துப் பேரையும், பவுஸ்தோவையும், முடிந்தால் டிவிக்காரனையும் கூட்டிவந்து காட்டியிருப்பேன். முப்பது வருஷ எலிக்குட்டிக்கு அதுதான் பதில். ஓர்னெல்லா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பேருந்தில் சேட்டை செய்கிற பிள்ளையைக் கண்ணாடியில் பார்க்கும் அதே பார்வை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"மாவு காயுது," என்றாள் அவள் தீர்ச்சேயிடம். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

தீர்ச்சே கறுப்புக் கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

மற்றவர்கள் அரை மணியில் திரும்பி வந்தார்கள். விழாவுக்கு எண்ணூறு தட்டு, கோபித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? ஜெம்மாவின் நாற்காலியில் ஓர்னெல்லா மடித்துக்கொண்டிருந்தாள். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். 'பிறந்த' என்ற சொல்லின் மேல் கறுப்பு டேப் ஒட்டவைக்க நான் பவுஸ்தோவை எழுபத்திரண்டு இடத்துக்கும் நடக்க வைத்தேன், கூடவே போய் எண்ணினேன். அந்த ஒற்றை வால் தொர்தெல்லி மற்றதோடு சேர்ந்து வெந்து, யோவான் மாலையில், வெளியே போட்ட நீள மேசையில் யாரோ ஒருவர் தட்டுக்குப் போயிருக்கும். தொட்டியில் நான் தனியாகத் தேய்த்தேன். முதுகு போனது. சந்தோஷமாகத்தான் தேய்த்தேன்.

விழா முடிந்த திங்கட்கிழமை, அலுவலகத்தில் பழைய திருமணப் பதிவேட்டை எடுத்தேன். என் ஆசைக்காக எடுக்கக் கூடாது, எடுத்தேன். தீர்ச்சேக்குப் பதிமூன்று வயதில் அவள் அம்மா இறந்துவிட்டார். அவரைத் தெரிந்தவர்கள் செத்துப்போனார்கள், இல்லை பிழைப்புக்கு ஊரைவிட்டே போனார்கள். பழுப்பு மையில் அந்த அம்மாவின் பெயர், தேதி, பிறந்த ஊர் எல்லாம் இருந்தது.

ஓர்னெல்லாவிடம் சொன்னேன். "தெரியும்," என்றாள். "அந்தப் பின்னல் அம்மாகிட்டருந்துதான் வரும்." அவளுக்கு நாற்காலி கிடைத்துவிட்டது, போதும். எனக்குப் போதவில்லை.

அக்டோபரில் தீர்ச்சே அடையாள அட்டையைப் புதுப்பிக்க வந்தார். பின்னால் நான்கு பேர் வரிசையில், அஞ்சல் அலுவலகக்காரியும் உண்டு. ஒரு விஷயம் காதில் விழுந்தால் மதியத்துக்குள் கடைசி வீடு வரை கொண்டுபோகிறவள். இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்காது. பெயர் கேட்டேன். தேதி கேட்டேன். பிறந்த ஊர் கேட்டேன். க்ரோப்போ என்றார். அப்புறம் குரலை உயர்த்திக் கேட்டேன்.

"அம்மா பொறந்த ஊர்?"

அவர் ஜன்னல் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி வரிசையைப் பார்த்தார். அப்படியே போய்விடுவார் என்று நினைத்தேன்.

"செரேத்தா," என்றார், நான் கேட்டதைவிட உரக்க. "முகட்டுக்கு அந்தப் பக்கம். பள்ளிக்கூடத்துல என்னை வால்குட்டின்னுதான் கூப்பிடுவாங்க. எழுதிக்கோ."

அவமானப்படுத்தத்தான் கேட்டேன், அது நடக்கவில்லை. ஆனால் என் கோபம் இறங்கவில்லை, ஏறியது. ஓர்னெல்லாவைக் கேலி செய்தவர்களில், அந்தப் பெயர் எப்படிச் சுடும் என்று தெரிந்த ஒரே ஆள் இவர்தான். தெரிந்தேதான் முப்பது வருஷம் இன்னொருத்தி நெற்றியில் அதை ஒட்டி வைத்திருந்தார். நான் ஓர்னெல்லா இல்லை, என்னால் தள்ளி உட்காரச் சொல்லி முடித்துக்கொள்ள முடியாது.

"எழுதிட்டியா?" என்று கேட்டார்.

அந்தப் படிவத்தில் அம்மா பிறந்த ஊருக்கு ஒரு கட்டமே இல்லை. ஓரத்தில் எழுதினேன்.